மூச்சு வாங்க ஓர் இடம்

மேனாட்டு இசை என்றதும் நம்மவரிற் பலருக்கு நினைவில் வருவது பெரியதொரு மண்டபம், கறுப்புக் கோட்டு அணிந்த ஐம்பது அறுபது வாத்தியக்காரர், அவர்களுக்கு முன்னே சிறு கோலொன்றை அசைத்தபடி நிற்கும் ஒருவர் ஆகிய காட்சியே. அந்த மேனாட்டிலேயே, மேற்குக் கோடியில், அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஈரக்காற்றில் ஆண்டு முழுவதும் நனைந்துகொண்டிருக்கும் அயர்லாந்துத் தீவில், மண்டபமும் கோலும் வேண்டாத இசையொன்று உண்டு. உழவரும் தபாற்காரரும் பள்ளி ஆசிரியரும் தவறணையின் மூலையொன்றில் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். முன்னே ஏடு இல்லை. பாட்டெல்லாம் நெஞ்சிலே இருக்கிறது. முதன்முறையாக அதைக் கேட்டு வருபவர் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: “அப்பப்பா, என்ன வேகம்!”

அந்த வேகத்தைப் பற்றி, சிறப்பாகக் குழலூதுவோரின் வேகத்தைப் பற்றி, இங்கே சில சொல்லப் புகுகிறேன். நான் இசை வல்லுநன் அல்லன், சுவாசநோய் மருத்துவன். அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள வைத்தியசாலையொன்றில் பல ஆண்டுகள் பணிபுரிந்தேன். மனிதர் மூச்சை உள்ளே இழுப்பதையும் வெளியே விடுவதையும் அளந்து பதிவதே என் தொழில். அதனாற்போலும், தவறணையில் எல்லாரும் வயலின்காரரின் வில்லைப் பார்த்துக்கொண்டிருக்கையில் என் கண் குழற்காரரின் நெஞ்சுக்கூட்டையே நாடும்.

இந்த இசையிற் பெரும்பகுதி நடனத்துக்கென்று பிறந்தது. றீல், ஜிக், ஹோண்பைப் என்று பல வகைகள் உள. ஜிக் மும்மூன்றாகத் துள்ளுவது. றீல் நந்நான்காக ஓடுவது. வேகம் என்று பேசப் புகுந்தால் றீலைத்தான் பேசவேண்டும். றீல் ஒன்றுக்குப் பொதுவாக இரண்டு பகுதிகள்; ஒவ்வொன்றும் எட்டு ஆவர்த்தம்; ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசிப்பார்கள். ஆக, ஒரு சுற்றுக்கு 32 ஆவர்த்தம். ஆவர்த்தத்துக்கு இரண்டு முறை கால் தரையைத் தட்டும்; ஒரு தட்டுக்கு நான்கு சுரம். இப்படிக் கூட்டிப் பார்த்தால் ஒரு சுற்றில் 256 சுரங்களுக்கு இடமுண்டு. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற கதியில் வாசித்தால் சுற்று 32 செக்கனில் முடிந்துவிடும். செக்கனுக்கு எட்டுச் சுரம்! அதையும் ஒரு தடவையோடு விடுவதில்லை. இரண்டு அல்லது மூன்று சுற்று வாசித்து, நிறுத்தாமலே அடுத்த றீலுக்குத் தாவி, அதிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி ஓடுவார்கள்.

நமது சங்கீதத்தில் வித்துவான் முதற் காலத்தில் தொடங்கி இரண்டாங் காலம், மூன்றாங் காலம் என்று ஏணிப்படி ஏறுவார். தாளம் தன் நிலையில் நிற்கச் சுரங்கள் இரட்டிக்கும். சபையும் அந்த ஏற்றத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும். அயர்லாந்தில் அந்த ஏணி இல்லை. முதற் சுரம் எந்தக் கதியில் விழுந்ததோ கடைசிச் சுரமும் அதே கதியில் விழும். ஆகவே நம் காதுக்குத் தொடக்கத்தில் எல்லாம் ஒரே ஓட்டமாகத் தோன்றுவது இயல்பே.

இனிக் குழலைப் பற்றிச் சொல்லவேண்டும். இதற்கொரு வேடிக்கையான வரலாறு உண்டு. அவர்கள் ஊதுவது நமது மூங்கிற் குழலன்று. பெரிய வாத்தியக் குழுக்களில் மின்னும் வெள்ளிக் குழலுமன்று. கரிய, கனத்த, மரத்தைக் கடைந்து செய்த குழல். ஆறு துளைகளை விரல்கள் நேரே மூடும். சிலவற்றில் உலோகச் சாவிகள் இருந்தாலும் மரபிசைக்காரர் பலர் அவற்றைத் தொடுவதே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியச் சங்கீத மேடைகளில் ஒலித்தது இத்தகைய குழல்தான். அக்காலத்தில் லண்டனில் சார்ள்ஸ் நிக்கல்சன் என்ற மாவித்துவான் இருந்தார். பெரிய துளைகளுள்ள குழலில் அவர் எழுப்பிய கம்பீர நாதத்தை 1831ஆம் ஆண்டில் மியூனிச் நகரத்துக் குழற்காரர் தியோபால்ட் போம் கேட்டார். போம் பொற்கொல்லர் மரபினர், கைத்திறன் மிக்கவர். அந்த நாதத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்ற ஆர்வத்தோடு ஊருக்குத் திரும்பி, 1832இல் புதிய சாவியமைப்பையும் 1847இல் நேர்க்குழாய் வடிவான புதிய குழலையும் ஆக்கினார். எல்லாச் சுரங்களையும் ஒரே சீராக, இலகுவாக, விரைவாக வாசிக்க வல்லது அது. மேடைக் கலைஞர் படிப்படியாகப் புதியதற்கு மாறினர். பழைய மரக்குழல்கள் அடகுக் கடைகளிலும் பழம்பொருட் கடைகளிலும் மலிவாகக் கிடக்கத் தொடங்கின. அவற்றை வாங்கினவர்கள் அயர்லாந்தின் ஏழை உழவர்கள் என்பர்.

ஆக, வேகத்துக்கு உதவாது என்று நகரத்துக் கலைஞர் ஒதுக்கிய கருவி, ஸ்லைகோ, லீற்றிம், ரொஸ்கொமன் ஆகிய மாவட்டங்களின் சதுப்புநிலக் குடிசைகளிலே புகுந்து, செக்கனுக்கு எட்டுச் சுரம் பொழியலாயிற்று. ரூடோல் அன்ட் ரோஸ் என்ற லண்டன் கம்பனி அன்று செய்த குழல்களை இன்று பெருவிலை கொடுத்துத் தேடி வாங்குகிறார்கள்.

விரைந்து வாசிக்கும்போது சுரத்தைச் சுரத்திலிருந்து பிரித்துக் காட்டுவது எப்படி? மேடைக் கலைஞர் நாக்கினால் ‘தக தக’ என்று காற்றை வெட்டுவர். அயர்லாந்துக் குழற்காரர் நாக்கை மிகக் குறைவாகவே பயன்படுத்துவர். வேலையை விரல்கள் செய்கின்றன. ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருக்கையில் மேலுள்ள விரலொன்றைக் கண்ணிமைப்பொழுது எடுத்துவைப்பது ஒரு வகை. அதை ‘வெட்டு’ என்பர். கீழுள்ள துளையை விரலால் ஒரு முறை அடித்து எடுப்பது இன்னொரு வகை, அது ‘தட்டு’. இவை தனிச் சுரங்களாகக் காதில் விழுவதில்லை. சுரத்தின்மேல் நகம் பட்டாற்போல ஒரு சிறு அதிர்ச்சி மாத்திரமே விழும். சுரத்தை ஒலித்து, வெட்டி, மீண்டும் ஒலித்து, தட்டி, மீண்டும் ஒலித்தால் அதற்கு ‘உருட்டு’ என்று பெயர். இத்தனையும் மூன்று சுரம் கொள்ளும் இடத்திலே அடங்கவேண்டும்.

எல்லாத் துளைகளையும் மூடியபின் எழும் அடிச் சுரத்தில் ஒரு சிக்கல் உண்டு. கீழே தட்டுவதற்குத் துளையே மிஞ்சவில்லை. அதனால் வெவ்வேறு விரல்களால் வெட்டின்மேல் வெட்டாகப் போட்டுச் சுரத்தைப் பொரியச் செய்வார்கள். இதைக் ‘கிரான்’ என்பர். இது குழலுக்கு உரியதன்று. கையிடுக்கில் துருத்தியை அமுக்கி வாசிக்கும் இல்லன் பைப் என்ற வாத்தியத்திலிருந்து வந்தது. அதனைக் குழலிலே நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் மற் மொலோய்.

மொலோய் 1947ஆம் ஆண்டு ரொஸ்கொமன் மாவட்டத்துப் பலஹடரீன் என்னும் ஊரிற் பிறந்தவர். விமானக் கம்பனியொன்றில் விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழில் செய்தவர். 1970களின் நடுப்பகுதியில் பொதி பாண்ட் என்ற குழுவிலே சேர்ந்தார். 1979இல் சீஃப்ரன்ஸ் குழுவுக்குப் போனார். 1976இல் வெளியான அவரது முதலாவது தனி இசைத்தட்டை அயர்லாந்தில் குழல் கற்ற இரண்டு தலைமுறையினர் தேயத் தேயக் கேட்டிருக்கிறார்கள். நானும் கேட்டேன். மழைத்துளி தகரக்கூரையில் விழுவதுபோலச் சுரங்கள் விழுகின்றன. ஒரு துளியும் மறு துளியோடு கலப்பதில்லை. அவரைவிடக் கதியாக ஊதுவோரை எந்தத் தவறணையிலும் காணலாம். ஆனால் அவர்கள் ஊதும்போது நமக்குப் படபடப்பு உண்டாகிறது. மொலோய் ஊதும்போது உண்டாவது குதூகலம். ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய இடத்தை அவர் குறைக்காமல் கொடுப்பதே காரணம் என்று நினைக்கிறேன். தமிழ் யாப்பிலே துள்ளலோசை என்கிறோமே, அது எழுத்துக்களை விரைந்து உச்சரிப்பதால் வருவதா? சீர்கள் ஒன்றையொன்று எப்படிச் சந்திக்கின்றன என்பதிலன்றோ இருக்கிறது.

இவ்வளவும் விரலின் கதை. என் தொழிலுக்குரிய கதை இனித்தான் வருகிறது.

வயலின்காரர் மூச்சு வாங்குவதற்காக இசையை நிறுத்தவேண்டியதில்லை. துருத்திக் குழற்காரருக்கும் அப்படியே. பையிலே காற்று இருந்துகொண்டே இருக்கும். குழற்காரர் ஒருவரே மனித நெஞ்சை நம்பி வாழ்பவர். நாதசுரம் போன்ற வாத்தியங்களில் சீவாளி காற்றைத் தடுத்துச் சிறிது சிறிதாகவே உள்ளே விடும். குழலில் அந்தத் தடை இல்லை. உதட்டிலிருந்து புறப்படும் காற்றில் ஒரு பங்கு குழலுக்குள் போவதுமில்லை. துளையின் விளிம்பில் மோதிப் பிளந்து வெளியே வீணாகிவிடும். அடிச் சுரங்களை உரத்து ஊதினால் காற்று இன்னும் விரைவில் தீரும். ஆனால் றீலோ இடைவெளியில்லாத சுரவரிசை. மூச்சு வாங்க இசையமைத்தவன் இடம் விடவில்லை.

என்ன செய்வார்கள்? ஒரு சுரத்தை விட்டுவிடுவார்கள். அந்தச் சுரத்தின் இடத்திலே மூச்சு வாங்குவார்கள். செக்கனுக்கு எட்டுச் சுரம் என்ற கதியில் ஒரு சுரத்தின் ஆயுள் ஒரு செக்கனில் எட்டில் ஒன்று. அமைதியாக உட்கார்ந்திருக்கும் நீங்களும் நானும் ஒரு மூச்சை இழுக்க ஒரு செக்கனுக்கு மேல் எடுக்கிறோம் என்பதை நேயர்கள் நினைத்துப் பார்க்கவேண்டும். கதி கூடக்கூடச் சுற்று விரைவில் முடிவது உண்மையே. ஆனால் மூச்சுக்கு ஒதுக்கிய அந்தச் சிறு சந்து இன்னும் ஒடுங்கிப்போகிறது.

இந்த நுட்பத்தை எனக்குக் கற்பித்தவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்த முதியவர் ஒருவர். பெயரும் ஊரும் வேண்டாம். எழுபது வயதைக் கடந்தவர். மாடு வளர்க்கும் உழவர். அந்த நாட்டில் கோடையிலே புல்லை அறுத்துக் காயவைத்துக் குளிர்காலத் தீவனமாகச் சேர்ப்பார்கள். மழையோ ஓய்வதில்லை. சரியாகக் காயாத புல்லிலே பூஞ்சணம் பிடிக்கும். குளிர்காலத்தில் கொட்டிலில் அதை உதறிப் போடும்போது எழும் தூசு ஆண்டாண்டாக நெஞ்சிற் படிந்து நுரையீரலை இறுகச் செய்துவிடும். ‘உழவர் நுரையீரல்’ என்றே அந்த நோய்க்குப் பெயர். இறுகிய நுரையீரல் கொஞ்சக் காற்றைத்தான் கொள்ளும்.

நோயே இல்லாதவருக்கும் காலம் தன் வரியை அறவிடுகிறது. ஒரு மனிதன் பலத்தோடு ஊதும்போது முதற் செக்கனில் வெளியே தள்ளக்கூடிய காற்றின் அளவு, முப்பது வயதளவில் இருந்து, ஆண்டுதோறும் 25 முதல் 30 மில்லிலீற்றர் வரை குறைந்துகொண்டே போகும். எழுபது வயதாகும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் போய்விட்டிருக்கும். இவருக்கு அதற்கு மேலாக நோயும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. பரிசோதனைத் தாளைக் காட்டி எண்களை விளக்கத் தொடங்கினேன். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “டொக்டர், இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு றீலை மூன்று சுற்று வாசிக்கலாமா? அதைச் சொல்லுங்கள்” என்றார். மேற்சட்டைப் பையிலிருந்து பழைய கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்தார். அதற்குள்ளே மூன்று துண்டாகக் கழற்றிய குழல் இருந்தது.

அந்தக் கேள்விக்கு என் மருத்துவ நூல்களில் விடையில்லை. எனவே அவரையே கேட்டு அறியலானேன். கிளினிக்குக்கு வரும் நாட்களில் கடைசி ஆளாக வருவார். வேலை முடிந்தபின் கால்மணி நேரம் பேசுவோம். “கால் தரையைத் தட்டும் இடத்துச் சுரத்தை ஒருபோதும் விடக்கூடாது. அதை அடுத்து வருவதை விடலாம். வரி முடிகிற இடத்தில் மூச்சு வாங்கக்கூடாது. அங்கே வாங்குபவன் பாட்டைத் துண்டு துண்டாக நறுக்குகிறான். முதற் சுற்றில் வாங்கிய இடத்தில் இரண்டாஞ் சுற்றில் வாங்கக்கூடாது. கேட்கிறவன் இடத்தைக் கண்டுகொள்வான்” என்று சொல்லுவார். விரலால் மேசையிற் சுரங்களைத் தட்டி, விடத்தக்கதில் நிறுத்திக் காட்டுவார். நெஞ்சு இறுகியபின் தாம் விடும் சுரங்கள் கூடிவிட்டன என்றும், அவற்றை எங்கே ஒளித்துவைப்பது என்பதே தமக்கு இப்போதுள்ள வேலை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துயரம் இருக்கவில்லை. கணக்குப் போடும் மாணவனின் முகம்போல இருந்தது.

அவருக்கு ஆதர்சம் மொலோய் அல்லர், ஜோன் மக்கென்னா. லீற்றிம் மாவட்டத்திலே 1880இற் பிறந்த மக்கென்னா 1909இல் அமெரிக்காவுக்குப் போய் நியூயோர்க்கின் தீயணைப்புப் படையில் வேலை பார்த்தவர். 1921 முதல் 1930களின் பிற்பகுதிவரை இசைத்தட்டுக்களில் ஊதினார், 1947இற் காலமானார். அவரது ஊதலிலே மூச்சு மறைந்திருப்பதில்லை. ‘பூ’, ‘பூ’ என்று நெஞ்சிலிருந்து தள்ளும் காற்றே மேளம்போலத் தாளத்தைக் குத்திக்காட்டும். மூச்சு வாங்கும் இடமும் அந்தத் தாளத்தில் ஒரு பகுதியாகிவிடும். நல்ல ஓட்டமான வாசிப்புத்தான். ஆயினும் அறைக்குள்ளே ஆட்கள் ஆடிக்கொண்டிருப்பதுபோன்ற உணர்ச்சியைத் தரும்.

அந்தக் காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் கொள்ளும். அதற்குள்ளே இரண்டு மூன்று பாட்டுக்களை அடைக்கவேண்டும். ஸ்லைகோ வயலின் மேதை மைக்கேல் கோல்மன் முதலியோரின் தட்டுக்கள் நியூயோர்க்கிலிருந்து கடல்கடந்து தாய்நாட்டுக்கு வந்து, கிராமம் கிராமமாகக் கேட்கப்பட்டன. ஊருக்கொரு நடை இருந்த நாட்டில், தட்டிலே கேட்ட நடையே நல்ல நடை என்று இளைஞர் பலர் எண்ணத் தலைப்பட்டனர். இதற்கு முன்னரே இன்னொருவர் வேறு வழியில் இசையைச் சேமித்தார். அவர் பிரான்சிஸ் ஓநீல்; கோர்க் மாவட்டத்திற் பிறந்து சிக்காகோ நகரின் பொலிஸ் தலைவராக உயர்ந்தவர்; தாமும் குழலூதுபவர். அவர் 1903இல் 1,850 பாட்டுக்களைக் கொண்ட பெருநூலை வெளியிட்டார். திருடரைப் பிடிக்கும் வேலைக்கு நடுவே பாட்டுக்களையும் பிடித்த அந்தப் பொலிஸ்காரரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவருடைய நூலிற் சுரங்கள் உண்டு. மூச்சு வாங்கும் இடத்துக்குக் குறி இல்லை. அது மனிதரிடமிருந்து மனிதருக்கே வரவேண்டியதாயிருந்தது.

வேகம் கூடியதற்குத் தட்டுக்களை மாத்திரம் குறைசொல்வது பொருந்தாது. முன்னாளில் இந்த இசை பண்ணை வீடுகளின் அடுக்களையிலே, கற்றரையில் ஆடுவோரின் கால்களுக்காக வாசிக்கப்பட்டது. 1935இல் வந்த பொது நடன மண்டபச் சட்டம் நடனத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றது. அதைக் காட்டிப் பாதிரிமாரும் பொலிஸாரும் பல இடங்களில் வீட்டு நடனங்களைத் தடுத்தனர். நடனம் மண்டபங்களுக்கு நகர்ந்தது. பின்னர் வேலை தேடி லண்டனுக்குப் போன தொழிலாளர் அங்குள்ள தவறணைகளிற் கூடி வாசித்தனர். அந்த வழக்கம் தாய்நாட்டிலும் வேரூன்றியது. 1951இல் முல்லிங்கார் நகரில் தொடங்கிய பெருவிழா போட்டிகளையும் கொண்டுவந்தது. தவறணையில் ஆடுவாரில்லை. குதிக்கால் தரையில் வந்து விழுமட்டும் காத்திருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆடுவோர் அறையைவிட்டுப் போனபின் வாத்தியக்காரரின் கையைப் பிடித்து நிறுத்துவார் யார்? இதிலும் ஒரு விசித்திரம்: போட்டி மேடையில் கனத்த சப்பாத்தணிந்து ஆடுவோர் இன்று மெதுவான கதியையே கேட்கிறார்கள். மெதுவாக இருந்தாற்றானே ஒரு தட்டுக்குள் இன்னும் பல அடிகளைப் புகுத்தலாம்!

இந்த ஓட்டத்துக்கு எதிரே நின்றவர்களும் உளர். கிளெயர் மாவட்டத்து டூலின் ஊரில் மைக்கோ ரஸல் என்ற உழவர் இருந்தார். 1915 முதல் 1994 வரை வாழ்ந்தவர். தகரக் குழலையும் மரக்குழலையும் அவர் ஊதும்போது சுரங்கள் எண்ணத்தக்க அளவிலேயே இருக்கும். ஒரு குழந்தை கேட்டுக் கற்கலாம்போலத் தோன்றும். கற்க முயன்றோர் அது எத்தனை கடினம் என்பதைச் சொல்வர். அதே மாவட்டத்தின் கிழக்கிலிருந்து வந்த வயலின்காரர் மார்ட்டின் ஹேய்ஸ், 1990களில், றீல்களைத் தாலாட்டுப்போல மெதுவாகத் தொடங்கி உலகெங்கும் சபைகளை நிசப்தமாக்கினார்.

இவர்களைப் போற்றுவோருட் சிலர் வேகத்தையே இழிவாகப் பேசுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இருபது வயதில், நெஞ்சு நிறையக் காற்றும் விரல் நிறையத் துடிப்பும் இருக்கும்போது ஓடாமல் எப்போது ஓடுவது? இன்றைய இளைஞர் பழைய ஒலிப்பதிவுகளைக் கணினியில் மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு வெட்டையும் தட்டையும் பிரித்தறிந்து, பின் முழுக் கதியில் வாசிக்கிறார்கள். அவர்களது கைத்திறன் வியக்கத்தக்கது. ஆனால் அதற்கு ஒரு விலையுண்டு. அதைக் கொடுப்பவர்கள் அவர்களல்லர். வட்டத்தின் ஓரத்தில் இருக்கும் முதியோரும், நேற்றுத்தான் கற்கத் தொடங்கிய சிறுவரும் கொடுக்கிறார்கள்.

என் நண்பரான அந்த முதியவர் செவ்வாய்க்கிழமை தோறும் தம் ஊர்த் தவறணைக்குப் போவார். வரவரப் போவது குறைந்தது. நான் காரணம் கேட்டபோது, மழை என்றார். அயர்லாந்தில் மழையைக் காரணம் காட்டி வீட்டில் இருப்பதாயின் எவரும் வெளியே வரமுடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை நானே காரில் அவரை அழைத்துச் சென்றேன்.

பத்துப் பதினொரு பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர். வயலின்கள், அக்கோடியன் ஒன்று, மரக்குழலோடு பதினாறு வயதளவான பெண்ணொருத்தி. எல்லாரும் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள், அன்பிலே குறைவில்லை. ஆனால் வாசிக்கத் தொடங்கியதும் அந்தக் கதி அவர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. முதற் பாட்டில் அவர் தொடர்ந்தார். இரண்டாவதில் பாதிச் சுரங்களை விட்டார். மூன்றாவதில் குழலை மடியிலே வைத்துக்கொண்டு காலால் மாத்திரம் தாளம் போட்டார். நெஞ்சு ஏறி இறங்குவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன், தொழிற் பழக்கம்.

அத்தகைய கூட்டங்களில் எழுதப்படாத விதியொன்று உண்டு. பாட்டை யார் தொடங்குகிறாரோ, கதியை வைப்பவரும் அவரே. சற்று ஓய்ந்தபோது வயலின்காரர் ஒருவர், “ஐயா, நீங்கள் ஒன்று போடுங்கள்” என்றார். அவர் குழலை எடுத்தார். நிமிடத்துக்குத் தொண்ணூறு தட்டுக்குக் கொஞ்சம் மேலாக இருக்கலாம், அந்தக் கதியில் பழைய றீல் ஒன்றைத் தொடங்கினார். மற்றவர்கள் முதல் இரண்டு வரி தடுமாறினார்கள். ஓடிப் பழகிய கால் நடக்கத் தடுமாறுவதுபோல. பின்னர் அடங்கி அவரோடு சேர்ந்தார்கள். மெதுவாக வாசிக்கும்போது ஒளிக்க இடமில்லை. அவருடைய மூச்சின் சந்துகள் எனக்கே கேட்டன.

இரண்டாஞ் சுற்றில் அவை கேட்கவில்லை. நெஞ்சைப் பார்த்தேன், முன்னைப்போலவே அடிக்கடி மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் அவரையே கவனித்துக்கொண்டிருந்தாள். அவர் விடும் சுரங்களிலெல்லாம் அவள் குழல் ஒலித்தது. அவர் நன்றாக ஊதிச் செல்லும் இடத்தில் அவள் மூச்சு வாங்கினாள். அவர் இடத்தை மாற்றினால் அவளும் மாற்றினாள். இரண்டு நெஞ்சுக்கும் ஒரே குழல் என்று சொல்லும்படி றீல் ஓரிடமும் அறாமல் ஓடியது. மூன்று சுற்று என்று கேட்டவர், நான்கு சுற்று வாசித்துவிட்டு, அடுத்த பாட்டுக்கும் தாவினார்.

முடிந்தபின் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் அவளிடம் குழலை யார் செய்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, நல்ல மரம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். காரில் திரும்பும்போது, “அந்தப் பிள்ளைக்குக் காது இருக்கிறது” என்றார். பிறகு வீடு வரும்வரை மாட்டு விலையைப் பற்றிப் பேசினார்.

அதன்பின் மழை அவரைத் தடுக்கவில்லை. இளைஞர்கள் தங்கள் கதியில் ஓடுவார்கள். அப்போது அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இரவில் இரண்டு மூன்று தடவை அவரைத் தொடங்கச் சொல்வார்கள், அப்போது நடப்பார்கள். அந்தப் பெண் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பாள் என்று கேள்வி.

அடுத்த முறை மூச்சுப் பரிசோதனைக்கு வந்தபோது அவரது அளவு முன்னையதிலும் சற்றுக் குறைந்திருந்தது. அந்தப் பரிசோதனையில் நோயாளி குழாய்க்குள் கடைசித் துளிக் காற்று வரையும் ஊதித் தள்ளவேண்டும். கருவியைப் பிடித்திருந்த பெண், “இன்னும், இன்னும், நிறுத்தாதீர்கள்” என்று ஊக்கிக்கொண்டே நின்றாள். அவர் ஊதினார். பாதியில் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டார். “என்ன ஐயா, முடியவில்லையா?” என்று அவள் பதறினாள்.

“முடியும் மகளே,” என்றார் அவர், “ஆனால் இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.”